வயதான ராட்சத நட்சத்திரம் மங்கினால் அது அணையப் போகிறது என்று அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. அது தன் வெளிப்பகுதியை ஊதித் தள்ளி, அந்தத் தூசிக்குள் தானே மறைந்துகொள்கிறது. மங்கல் நம் கண்ணுக்குத்தான்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். 2020 தொடக்கத்தில் திருவாதிரை (பெட்டல்ஜூஸ்) என்ற ராட்சத நட்சத்திரம் மங்கியபோது பிள்ளைகளும் இதையேதான் கேட்டார்கள். பிப்ரவரி மாதம் இரவு ஒன்பதரை வாக்கில் அது இங்கே கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அது இருக்கும் ஓரியன் (வேட்டைக்காரன்) விண்மீன் கூட்டத்தின் இன்னொரு தோளில் உள்ள நட்சத்திரத்தைவிட எப்போதும் பளிச்சென்று இருப்பது, அந்த மாதம் அதற்குச் சமமாகிப்போனது. நட்சத்திரம் கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி முன்னால் வந்து நின்றதும், மேற்பரப்பில் ஒரு பகுதி குளிர்ந்ததும் காரணம் என்கிறார்கள். சில மாதங்களில் பழைய ஒளிக்குத் திரும்பிவிட்டது.

திருவாதிரை சூரியனைவிடப் பல மடங்கு எடை கூடியது. சூரியனைப் போன்றவை கிழடாகும்போது இந்த வேலையை ஓயாமல் செய்கின்றன. மேற்பரப்பு மாதக்கணக்கில் விம்மித் தாழும். வாயு மேலே தூக்கி எறியப்படும். குளிர்ந்த உயரத்தில் மணல்சத்தோ கரியோ தூசியாகத் திரளும். நட்சத்திர ஒளி அந்தத் தூசியைத் தள்ள, தூசி வாயுவையும் இழுத்துக்கொண்டு வினாடிக்கு 10, 15 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. நம் சூரியனும் கடைசியில் ஏறக்குறையப் பாதி எடையை இப்படித்தான் இழக்கும்.

சரி, விழுங்கப்பட்ட ஒளி எங்கே போகும்? தூசி சூடாகி அதை அகச்சிவப்பாக, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளியாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அந்த ஒளியின் அளவை அலைநீளவாரியாக ஒரு வளைகோடாக வரையலாம். மணல்வகைத் தூசி கொஞ்சமாக இருந்தால் அதில் 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டி ஒரு மேடு தெரியும். தூசி கனக்கக் கனக்க அந்த மேடே பள்ளமாகிவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: அந்த வளைகோட்டைப் பார்த்தே தூசிப் போர்வையின் தடிமனைக் கணிக்கலாம்.

மக நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் சிடபிள்யூ லியோனிஸ் என்றொரு கிழட்டு நட்சத்திரம் இருக்கிறது. அதன் தூசி கரிவகை. வெறும் கண்ணால் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஆனால் 5 மைக்ரானில், சூரியக் குடும்பத்துக்கு வெளியே வானத்திலேயே மிகப் பிரகாசமானது அதுதான். 1960களின் அகச்சிவப்புக் கணக்கெடுப்பில்தான் அது அகப்பட்டது.

அப்புறம், இப்படி விம்மித் தாழும் ஒன்றை நீங்களே பார்க்க ஆசை என்றால் மீரா என்ற கிழட்டு நட்சத்திரத்தைப் பிடியுங்கள். டிசம்பரில் மழை விட்ட இரவு பத்து மணிக்கு, விளக்கில்லாத திடலில் அண்ணாந்தால் உச்சிக்கு அருகில் இருக்கும். சுமார் 332 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். உச்சத்தில் கண்ணுக்கே தெரியும், தாழ்வில் பைனாகுலர் வேண்டும். கண்ணுக்குப் பல நூறு மடங்கு மாறும் அதே நட்சத்திரம், 2 மைக்ரான் அகச்சிவப்பில் இரண்டு மூன்று மடங்குதான் மாறுகிறது.