பிரேக் பெடல் கட்டைபோல இறுகியிருக்கிறது, வண்டியும் சரியாக நிற்கவில்லை. எங்கே கோளாறு?

கத்திப்பாரா பாலம் இறங்கும்போது பலம்கொண்டு மிதித்தும் கார் நிற்கத் தாமதமாகிறது, பிரேக் ஆயில் மாற்றியும் பயனில்லை என்கிறீர்கள். ஆயிலில் காற்று புகுந்தால் பெடல் பஞ்சுபோல அமுங்கும், இறுகாது. அதனால் முதல் சந்தேகம் வேக்குவம் பூஸ்டர் மேல்தான். வெற்றிடத்தின் உதவியால் காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தருவது அதுதான்.

வீட்டிலேயே பார்க்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையவே இல்லையா? உடனே பூஸ்டரை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கைச் சற்று நிறுத்துங்கள். பூஸ்டருக்குப் போகும் குழாய் (ஹோஸ்) வெடித்திருக்கலாம், கழன்றிருக்கலாம். அதிலுள்ள, காற்றை ஒரே பக்கம் மட்டும் விடும் செக் வால்வு பழுதாகியிருக்கலாம். இரண்டும் சின்னச் செலவு. டீசல் வண்டி என்றால் பூஸ்டருக்கு வெற்றிடம் தரும் வேக்குவம் பம்பையும் பார்க்க வேண்டும். மிதித்துப் பிடித்திருக்கும்போது ‘உஸ்’ஸென்று சத்தம் விடாமல் வந்தால் பெரும்பாலும் பூஸ்டருக்குள் இருக்கும் டயாபிரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கும்.

பூஸ்டர் சரியாக இருந்தால் அப்புறம் சக்கரப் பக்கம். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் சூடேறிப் பளபளவென்று ஆகியிருக்கலாம், பேட்டை அழுத்தும் காலிப்பரின் ஊசி (பின்) துருப்பிடித்து இறுகியிருக்கலாம். வேளச்சேரி மாதிரி மழைத்தண்ணீர் தேங்கும் பகுதியில் நிறுத்திய வண்டி என்றால் காலிப்பரைக் கட்டாயம் கழற்றிப் பாருங்கள்.

பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் பழைய பூஸ்டர் மலிவாகக் கிடைக்கும்தான். அங்கே கதவு, பம்பர் வாங்குங்கள், பிரேக் சாமான் வேண்டாம். சரிசெய்யும்வரை வண்டியை ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.