ஸ்டோன் டவுனுக்கு அரை நாள் போதுமா?

கேள்வி: தான்சானியாவில் சஃபாரி முடித்துவிட்டு ஜூலையில் சான்சிபார் போகிறோம். நான், மனைவி, 66 வயது அம்மா. அம்மா சுத்த சைவம். நுங்வி கடற்கரைக்குப் போகிற வழியில், சான்சிபாரின் பழைய நகரமான ஸ்டோன் டவுனை அரை நாளில் பார்த்துவிடலாம், அதற்கு மேல் அங்கே ஒன்றுமில்லை என்கிறார் ஏஜென்ட். சரிதானா?

பதில்: ஏஜென்ட் சொல்கிற அரை நாள் பெரும்பாலும் உச்சிவெயிலில் வந்து விழும். அந்த நேரத்தில் பார்த்தால் யாருக்கும் அங்கே ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். கடற்கரையில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு, ஊருக்குள்ளேயே இரண்டு இரவு தங்குங்கள். காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்துக்குப் பிறகும் நடங்கள். நடுப்பகலில் தூங்குங்கள்.

தங்கும் இடத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். பழைய வீடுகள் பவளக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை. கூரையைத் தாங்குவது அலையாத்தி மரக் கம்புகள். கம்பு எவ்வளவு நீளமோ அறை அவ்வளவுதான் அகலம், சுமார் மூன்று மீட்டர். அதனால் பல அறைகள் ரயில் பெட்டி மாதிரி நீண்டு கிடக்கும். மாடிப்படி செங்குத்தாக இருக்கும், லிஃப்ட் பெரும்பாலும் கிடையாது. அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில் அறை வேண்டும் என்று முன்பதிவின்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சந்துகளுக்குள் டாக்ஸி வராது. பெட்டி சின்னதாக இருந்தால் பிழைத்தீர்கள்.

வழி தவறுமே என்று பயப்பட வேண்டாம், கட்டாயம் தவறும். சந்துகளுக்குள் போன் மேப் தடுமாறும். ஆனால் பழைய ஊர் கடலுக்கும் க்ரீக் சாலைக்கும் நடுவே அடங்கிய சின்ன முக்கோணம். ஒரே திசையில் நடந்தால் கொஞ்ச நேரத்தில் இரண்டில் ஒன்று வந்துவிடும்.

நடக்கும்போது கதவுகளைப் பாருங்கள். மேல்பக்கம் தட்டையாக, செதுக்கு வேலையோடு இருந்தால் அரபு பாணி. மேலே வளைவும் பலகையில் பித்தளைக் குமிழ்களும் இருந்தால் இந்திய பாணி. குஜராத்தி வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டில் இங்கே அவ்வளவு செல்வாக்கோடு இருந்தார்கள். கட்ச்சிலிருந்து வந்த ஜைராம் சிவ்ஜியின் நிறுவனம் சுல்தானின் சுங்க வசூலையே குத்தகைக்கு எடுத்து நடத்தியது.

அந்தச் சுங்கத்தில் யானைத் தந்தமும் கிராம்பும் மட்டுமல்ல, மனிதர்களும் கணக்கு. அடிமைச் சந்தை 1873இல் மூடப்பட்டது. அதே இடத்தில்தான் ஆங்கிலிக்கன் தேவாலயம் நிற்கிறது. வெளியே ஒரு குழிக்குள் கழுத்தில் சங்கிலியோடு கல் உருவங்கள் நிற்கும். அங்குள்ள கண்காட்சியை அவசரமில்லாமல் படியுங்கள். ஊரில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் டிக்கெட் எடுப்பேன் என்றால் அது இதுவாக இருக்கட்டும். பக்கத்துக் கட்டடத்தின் நிலவறைக்குள் குனிந்து போக வேண்டும், அம்மா வெளியே இருக்கலாம். சுல்தான் 1883இல் கட்டிய 'அதிசய மாளிகை'யின் ஒரு பகுதி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்தது. அதை வெளியிலிருந்து பார்ப்பதாகவே திட்டமிடுங்கள். குவீன் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் அருங்காட்சியகம் ரசிகர்களுக்கு மட்டும்.

அம்மாவின் சாப்பாடு பெரிய சிக்கல் இல்லை. தேங்காய்ப்பாலில் வெந்த பீன்ஸ் (மஹராகே), சப்பாத்தி, காலையில் மந்தாசி (எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டம்). உரோஜோ என்று மஞ்சள் நிறத்தில் புளிப்பான ஒரு குழம்பு. பஜ்ஜி, உருளைக்கிழங்கு, மரவள்ளி வறுவல் எல்லாம் அதில் மிதக்கும். கறித்துண்டும் போடுவார்கள், அதனால் 'பிலா ந்யாமா' (இறைச்சி வேண்டாம்), 'பிலா சமாகி' (மீன் வேண்டாம்) இரண்டையும் சொல்லப் பழகுங்கள். மாலையில் ஃபொரோதானி பூங்காவில் தீனிக்கடைகள் வரும். தட்டில் வைப்பதற்கு முன்பே விலை பேசிவிடுங்கள். கரும்புச்சாறு நன்றாக இருக்கும். பக்கத்திலேயே கடல் சுவரிலிருந்து பையன்கள் குட்டிக்கரணம் அடித்துக் குதிப்பதைப் பார்க்கக் காசு கிடையாது.

இது முஸ்லிம் ஊர். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். கடற்கரை உடை நுங்விக்கு. ஆட்களைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். அம்மாவைப் பார்த்துப் பிள்ளைகள் 'ஷிகமோ' என்பார்கள், பெரியவர்களுக்கான வணக்கம் அது. அம்மா 'மரஹபா' என்றால் போதும், எதிரில் இருக்கும் முகம் மலர்ந்துவிடும். இன்னொன்று: ஸ்வாஹிலியில் மணியை விடியலிலிருந்து எண்ணுவார்கள். டாக்ஸிக்காரர் ஒரு மணி என்றால் அது ஏழாகவும் இருக்கலாம். வாட்சைக் காட்டி உறுதிசெய்யுங்கள்.

அப்புறம் காகித வேலை. 2024 அக்டோபரிலிருந்து சான்சிபாருக்கென்று தனிக் காப்பீடு கட்டாயம், பெரியவர்களுக்கு 44 டாலர். வேறு பயணக் காப்பீடு இருந்தாலும் இதுவும் வேண்டும். தான்சானியா பெருநிலத்தின் தாருஸ்ஸலாமிலிருந்து இரண்டு மணி நேரப் படகில் வந்தாலும் பாஸ்போர்ட்டைக் கையில் வையுங்கள், இறங்கியதும் பார்ப்பார்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி போடுவதானால், சான்றிதழ் 10 நாள் கழித்துத்தான் செல்லும். அறுபதைக் கடந்தவர்களுக்கு அதை யோசித்துத்தான் போடுவார்கள். அம்மாவை முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு டிக்கெட் போடுங்கள். பெட்டியில் பாலிதீன் பை இருந்தால் கிளம்புமுன் எடுத்துவிடுங்கள், அங்கே தடை.