அப்பத்தாவின் சமாதான முயற்சி குறித்து

வணக்கம். பாகப்பிரிவினைத் தகராறில் விலகிப்போன சித்தப்பாவை அழைத்து வரும்படி மறதிநோய் கண்ட அப்பத்தா தினமும் கேட்பதாகவும், அவர் வந்தாலும் மறுநாளே மறந்துவிடுவாரே என்று உங்கள் அப்பா தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். அல்சைமர் நோயில் அண்மை நிகழ்வுகளே முதலில் நழுவும் என்றாலும், சந்திப்பு மறந்த பிறகும் அது தந்த நிம்மதி சிறிது நேரம் தங்குவதுண்டு என்பதால், அந்தத் தயக்கத்தை நான் ஏற்கவில்லை. பலருக்கு அந்தி சாயும்போது குழப்பம் கூடும், ஆகவே சித்தப்பா காலையில், தனியாக வரட்டும், "என்னைத் தெரிகிறதா?" என்று சோதிக்காமல் வாசலிலேயே தம் பெயரைச் சொல்லட்டும். அப்பத்தா பழைய சண்டையை மாற்றிச் சொன்னாலும் (என் பாட்டி, சம்பந்தமே இல்லாத என் அம்மாவைத்தான் திட்டினார்) யாரும் திருத்த வேண்டாம். நிலப் பத்திரத்தை மட்டும் அன்று வெளியே எடுக்காதீர்கள்: 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதவே தெளிந்த மனநிலை வேண்டும் என்பதால், இந்நிலையில் வாங்கும் கையெழுத்து அடுத்த வழக்கில்தான் கொண்டுபோய் விடும்.