மூடி திறக்கவில்லையா? முதலில் காரணத்தைப் பாருங்கள்

கேள்வி: என் தாயாருக்கு வயது 68. இரண்டு கைகளிலும் விரல் மூட்டு வலி. புதிதாக வாங்கிய ஜாம் பாட்டிலையும், போன மாதம் திறந்து பயன்படுத்திய மாங்காய்த் தொக்கு பாட்டிலையும் திறக்க முடியாமல், கத்தி முனையை மூடிக்கு அடியில் கொடுத்து நெம்புகிறார். இரண்டும் கண்ணாடி பாட்டில்கள், தகர மூடி. நான் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் வேறு ஆள் இல்லை. ஒரு விற்பனையாளர் தொலைபேசியில் பேசி, முதியோருக்கென்றே செய்த மின்கருவி என்று 1,800 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அதற்கு முன், அந்தக் கத்தியை இன்றே எடுத்து உள்ளே வையுங்கள். முனை வழுக்கினால் நேராக உள்ளங்கையில்தான் இறங்கும்.

இரண்டு பாட்டில்களும் திறக்கவில்லை என்றாலும் காரணம் ஒன்றல்ல. ஜாமைக் கொதிக்கும் சூட்டோடு நிரப்பி உடனே மூடிவிடுகிறார்கள். ஆறும்போது மூடிக்குக் கீழே நிற்கும் நீராவி நீராகிவிடுவதால் உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று மூடியைக் கீழ்நோக்கி அமுக்குகிறது. 63 மில்லிமீட்டர் அகலமுள்ள மூடி என்றால், உள்ளழுத்தம் பாதியாகக் குறைந்திருந்தாலே ஏறத்தாழ 15 கிலோ பாரம் அதன்மேல் இருக்கும். அதை விரல் பலத்தால் வெல்ல முயல்வது வீண் வேலை. காற்று உள்ளே போக ஒரு சிறு வழி கிடைத்தால் போதும்.

எவர்சில்வர் ஸ்பூனின் மழுங்கிய காம்பை மூடியின் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே கொடுத்து, மூடியை வெளிப்பக்கமாக மெல்ல நெம்பச் சொல்லுங்கள். ஒரு இடத்தில் வரவில்லை என்றால் சற்றுத் தள்ளி இன்னொரு இடத்தில். ‘டப்’ என்று சத்தம் வரும். மூடியின் நடுவில் குழிந்திருக்கும் வட்டம் மேலே எழும்பும். அதன் பிறகு உங்கள் தாயாரே திருப்பிவிடுவார். பாட்டிலின் கழுத்தைத் தரையில் தட்டுவது, சுவரில் மோதுவது எல்லாம் வேண்டாம். கண்ணாடிச் சில் ஜாமுக்குள் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது.

தொக்கு பாட்டிலுக்கு இந்த வழி உதவாது. அது ஏற்கெனவே திறந்தது; காற்று உள்ளே போய்விட்டது. அங்கே எண்ணெயும் உப்பும் வெல்லமும் மூடியின் புரியில் காய்ந்து இறுகியிருக்கின்றன. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடியின்மேல் சில நிமிடங்கள் சுற்றி வையுங்கள். சூட்டில் தகரம் விரிவதால் திறக்கிறது என்று பலர் சொல்வார்கள். விரிகிறதுதான், ஆனால் தலைமுடியின் பருமன் அளவுகூட இல்லை. உண்மையில் உதவுவது, காய்ந்த பிசுக்கு இளகுவதும் மூடிக்குள் இருக்கும் மெத்தென்ற வளையம் நெகிழ்வதும்தான். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலை அந்தச் சில்லிப்பு போன பிறகே சூடாக்குங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு வெந்நீரே காட்டாதீர்கள்.

பிறகு எண்ணெய்ப் பசையை நன்றாகத் துடைத்து, பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி மூடியைச் சுற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். பாட்டிலை ஈரத்துணி மேல் நிறுத்தி, விரல்களால் பற்றாமல் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தித் திருப்பட்டும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு இதுதான் முக்கியம்.

இனி அந்த மின்கருவி. ‘முதியோர்’, ‘மூட்டு வலி’ என்ற சொற்களைப் பெட்டியில் அச்சடித்தால் விலையை ஏற்றிவிடலாம் என்பதை இந்த இடைத்தரகர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஊறுகாய் பாட்டில் போன்ற அகல வாய்க்கு அது பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. பேட்டரி தீர்ந்தால் வீட்டில் கிடக்கும் இன்னொரு பிளாஸ்டிக் கட்டை. பொருளை நேரில் காட்டாமல், திரும்பப் பெறும் விதியைச் சொல்லாமல், ‘இன்று மட்டும் இந்த விலை’ என்று அவசரப்படுத்துபவரிடம் எதையும் வாங்காதீர்கள். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் செய்யலாம்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் பாட்டிலைத் திறக்கவே கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். திறக்காத பாட்டிலின் மூடி, நடுவில் குழிந்திருக்க வேண்டியதற்குப் பதிலாக உப்பியிருந்தால் உள்ளே ஏதோ வாயுவை உண்டாக்குகிறது என்று பொருள். புளிப்பான மாங்காய், எலுமிச்சையில் அது பெரும்பாலும் சாதாரண நொதிப்பாக இருக்கலாம். ஆனால் எண்ணெயில் போட்ட பூண்டு, காளான், வீட்டிலேயே அடைத்த பீன்ஸ் போன்ற புளிப்பில்லாத பண்டங்களில் ‘பொட்டுலினம்’ என்ற கொடிய நஞ்சு உருவாகக்கூடும். அதற்கு வாசனையும் இல்லை, சுவையும் இல்லை. மூடி உப்பாமலும் அது இருக்கலாம். ‘துளி நாக்கில் வைத்துப் பார்க்கிறேன்’ என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். இங்கே அந்தத் துளியே ஆபத்து. மூடி உப்பியிருந்தால் எந்தப் பண்டம் என்று ஆராயாதீர்கள். கடையில் வாங்கியது என்றால் திறக்காமலே திருப்பிக் கொடுங்கள். வீட்டில் போட்டது என்றால் பையில் கட்டி எறியுங்கள். குழிந்திருந்த மூடி திறக்கும்போது ‘டப்’ சத்தமே வராவிட்டாலும் சாப்பிடாமல் கடைக்காரரிடம் கேளுங்கள். ‘எல்லாம் அப்படித்தான் வரும்’ என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். லேபிளில் உள்ள 14 இலக்க உணவுப் பாதுகாப்பு (எஃப்எஸ்எஸ்ஏஐ) உரிம எண்ணைக் குறித்துக்கொண்டு புகார் கொடுங்கள்.

எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. எளிதில் திறக்கக்கூடிய பொதிகளுக்கென்று 2015லேயே ஐஎஸ்ஓ 17480 என்ற சர்வதேசத் தரம் வந்துவிட்டது. இங்கே 2018இல் வந்த உணவுப் பேக்கேஜிங் விதிகள், செய்தித்தாளில் உணவைப் பொதியக் கூடாது என்பது வரை சொல்கின்றன, நல்ல விதிதான். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் தன் கையால் அந்த மூடியைத் திறக்க முடியுமா என்று கேட்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. நிறுவனங்களுக்கு மூடி கசியாமல் இருந்தால் போதும். அதிகாரிகளுக்கு லேபிளில் எழுத்து இருந்தால் போதும்.

தொக்கு பாட்டிலைத் திறந்த பிறகு வாய்ப்பகுதியையும் மூடியின் உட்புறத்தையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, கை தாங்கும் அளவுக்கு மட்டும் மூடச் சொல்லுங்கள். அடிக்கடி எடுப்பதென்றால் வாரத்துக்கு வேண்டியதை ஒரு சிறிய பீங்கான் ஜாடிக்கு மாற்றி வைத்துவிடலாம்.