தூக்கம் கெட்ட முன்னாள் படைவீரர்கள்: இந்த முறை வந்த கேள்விகள்

குறட்டை அதிகம். டிஸெபிலிட்டி பென்ஷன் (படைச் சேவையால் வந்த உடல் பாதிப்புக்கான ஓய்வூதியம்) கிடைக்குமா?

குறட்டைக்குக் கிடைக்காது. ஸ்லீப் ஸ்டடி (தூக்கத்தில் மூச்சை அளக்கும் பரிசோதனை) எடுத்தீர்களா? மணிக்கு 5 தடவைக்கு மேல் மூச்சு தடைபட்டால்தான் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய், என்ற பேச்சே வரும். 15ஐத் தாண்டினால் நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை. எந்த வருஷம் படையை விட்டு வெளியே வந்தீர்கள் என்றும் எழுதவில்லை. 2023 செப்டம்பர் 21க்குப் பிறகு வந்தவர்களுக்கு விதிகளே வேறு. தேதி இல்லாத கடிதத்துக்கு நான் என்ன பதில் சொல்ல?

சியாச்சின் பனிமலையில் பணியில் இருந்தபோது இரவில் மூச்சுத் திணறி எழுவேன். இப்போதுள்ள ஆப்னியா அதனால்தானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. உயரத்தில் மூச்சு நின்று நின்று வருவது பலருக்கும் உண்டு. கீழே இறங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இறங்கிய பிறகும் தொடர்ந்து, அப்போதே சிக் ரிப்போர்ட் (உடம்பு சரியில்லை என்று யூனிட்டில் பதிவு) போட்டிருந்தால் அந்தத் தாளைத் தேடி எடுங்கள். மனதில் இருப்பதை மெடிக்கல் போர்டு படிக்காது, தாளில் இருப்பதைத்தான் படிக்கும்.

ரிலீஸ் போர்டில் (ஓய்வு பெறும்போது நடக்கும் மருத்துவக் குழுப் பரிசோதனை) ஆப்னியாவுக்கு 30 சதவீத ஊனம் கொடுத்துவிட்டு, சேவையால் வந்ததும் இல்லை, கூடியதும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். 2016இல் ஓய்வு. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பல வருஷமாக ஆறாத மனத்தாங்கல் உண்டு. அண்மையில் ஒரு ஹவில்தாரின் போர்டு நகலைப் பார்த்தேன். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் அரை வரிதான்: 'பீஸ் ஸ்டேஷனில் (போர்ப்பகுதி அல்லாத முகாமில்) தொடங்கியது.' அதே கோப்பில் முந்தைய பக்கத்திலேயே அவருடைய போஸ்டிங் பட்டியல் இருக்கிறது, மூன்று முறை ஃபீல்ட் (எல்லை, போர்ப்பகுதிப் பணி). வருஷக்கணக்கில் நைட் கார்டு நின்ற உடம்பு பீஸுக்கு வந்த மாதத்திலா கெட்டுப்போனது? அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் கிடைக்காமல் ஒரு குடும்பம் ஆயுள் முழுக்க மாதப் பணத்தை இழக்கிறது.

சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் நல்ல உடம்போடு வந்தவர் என்றே கொள்ள வேண்டும். தொடர்பில்லை என்பதற்குக் காரணம் காட்ட வேண்டியது போர்டுதான், சிப்பாய் அல்ல. தரம்வீர் சிங் வழக்கில் 2013லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. எடை கூடியதால் வந்தது என்று போர்டு எழுதியிருந்தால் மட்டும் வழக்கு கடினம். உங்கள் பழைய எடைப் பதிவுகளை முதலில் பாருங்கள்.

போர்டு நகலை வாங்குங்கள். முதல் அப்பீல், இரண்டாவது அப்பீல், அதன் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. தாமதித்தால் நிலுவை பொதுவாக மூன்று வருஷத்துக்குத்தான் கிடைக்கும், மற்றது போச்சு. ஜெயித்தால் 30 சதவீதம் 50 ஆக உயர்த்தப்படும் (2014இன் ராம் அவதார் தீர்ப்பு). 50 சதவீத ஊனத்துக்குக் கிடைப்பது கடைசிச் சம்பளத்தில் சுமார் 15 சதவீதம்: 40,000 ரூபாய் சம்பளம் என்றால் மாதம் 6,000 ரூபாய் அளவு, அகவிலைப்படி தனி.

என் கணவருக்கு வயது 61. தூக்கத்தில் கத்தி, கை கால் வீசி அடிக்கிறார். எழுந்ததும் யாரோ துரத்தியதாகக் கனவு என்கிறார். பழைய சண்டை நினைவா?

இருக்கலாம் அம்மா, ஆனால் அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். கனவை உடம்பால் நடித்துக் காட்டும் கோளாறு ஒன்று இந்த வயதில் வரும். சிலருக்குப் பின்னாளில் வரும் பார்க்கின்சன் நோய்க்கு அதுவே முன்னறிகுறி. நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்; இரவில் நடப்பதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடியும். அதுவரை கட்டிலருகே கண்ணாடி டம்ளர், மேசை முனை எதுவும் வேண்டாம். நீங்கள் தனியாகப் படுங்கள், அதில் தப்பில்லை.

நண்பர் போடும் அல்பிரசோலம் தூக்க மாத்திரை எனக்கும் நன்றாக வேலை செய்கிறது. தொடரலாமா?

கூடாது. ஆப்னியா இருப்பது தெரியாமல் போட்டால் மூச்சு இன்னும் அடங்கும், கூட மது சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. போன முறையும் எழுதினேன். ஆனால் தினமும் போட்டு வந்ததைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவரிடம் சொல்லிக் குறையுங்கள்.

ஆப்னியாவுக்கு முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் சிபேப் கருவியைக் கடையில் வாங்கிவிட்டேன். இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பணம் தருமா?

இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கின் பரிந்துரையும் அனுமதியும் முன்பே வாங்கினீர்களா? இல்லையென்றால் அலைச்சல்தான். பில்லையும் ஸ்லீப் ஸ்டடி அறிக்கையையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே பாலிகிளினிக் போய்க் கேளுங்கள். கருவியை மட்டும் பெட்டிக்குள் வைக்காதீர்கள், இரவில் நாலு மணி நேரமாவது முகத்தில் இருக்கட்டும்.