குடியை விட உதவும் ஏ.ஏ. கூட்டத்துக்கு எப்படிப் போவது? அங்கே என்ன கேட்பார்கள்?

குடிப்பழக்கம் உள்ள உங்கள் அண்ணன் தானாகவே "விட்டுடணும்" என்று சொல்லியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் சேர அந்த ஒரு விருப்பம் போதும். கட்டணம் கிடையாது, முழுப்பெயரும் சொல்ல வேண்டியதில்லை. 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் பேசித் தாங்கிக்கொண்டதில் பிறந்தது இது. இன்றும் முறை அதேதான்.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் தமிழிலேயே கூட்டம் நடக்கிறது, பெரும்பாலும் சர்ச் வளாகத்திலோ பள்ளி அறையிலோ. இடமும் நேரமும் ஏ.ஏ. இந்தியா இணையதளத்தில் இருக்கும். 14446 என்ற அரசு இலவச எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

உள்ளே போனால் வட்டமாக நாற்காலிகள். ஒருவர் எழுந்து, "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார். யாரும் குறுக்கிட மாட்டார்கள், அறிவுரையும் சொல்ல மாட்டார்கள். முதல் நாள் அண்ணன் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் சரிதான். நீங்களும் கூடப் போவதானால், குடிநோயாளி அல்லாதவர்களும் வரக்கூடிய 'திறந்த கூட்டம்' எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற அமைப்பு தனியாக உண்டு. அதை விட்டுவிடாதீர்கள், உங்களுக்கும் ஆறுதல் வேண்டும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். தினமும் நிறையக் குடிப்பவர் என்றால் சட்டென நிறுத்த விடாதீர்கள். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.