ஜினி 25.5 என்றால் எல்லோரும் சமமா? வாசகர் கேள்விகள்

கே: சமத்துவத்தில் இந்தியாவுக்கு உலகில் 4-வது இடம் என்று 2025-ல் செய்தி வந்ததே, நம்பலாமா?

ப: எண்ணில் தப்பில்லை, ஒப்பீடுதான் இடிக்கிறது. உலக வங்கி தரும் 25.5 என்ற ஜினி குறியீடு (ஏற்றத்தாழ்வை அளக்கும் எண், குறையக் குறையச் சமத்துவம் அதிகம்), 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. வீட்டில் எவ்வளவு செலவானது என்பதைத்தான் அது பார்க்கிறது, எவ்வளவு வந்தது என்பதை அல்ல. மாதம் 20,000 சம்பாதிப்பவர் கிட்டத்தட்ட அத்தனையையும் செலவழித்துவிடுவார். 20 லட்சம் சம்பாதிப்பவர் எத்தனை வேளைதான் சாப்பிடுவார்? மிச்சமெல்லாம் நிலமாகவும் பங்காகவும் ஒதுங்கிவிடும். அமெரிக்காவுக்கும் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்கும் வருமானத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். முழத்தில் அளந்ததையும் மீட்டரில் அளந்ததையும் பக்கத்தில் வைத்து எது நீளம் என்று கேட்டால் எப்படி?

அதே 2022-23-ல், உச்சியிலுள்ள 1 சதவீதத்தினர் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதத்தைப் பெற்றதாக உலக சமத்துவமின்மை ஆய்வகம் மதிப்பிட்டது. வரித் தரவோடு சில அனுமானங்களும் சேர்ந்த கணக்கு அது. அதையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

கே: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஜினியைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ப: மக்களைப் பரம ஏழையிலிருந்து வரிசையாக நிறுத்தி, மொத்த வருமானத்தில் அவர்கள் பங்கைக் கூட்டிக்கொண்டே போய் வரைவது லாரன்ஸ் வளைகோடு (1905). எல்லோருக்கும் ஒரே வருமானம் என்றால் அது நேர்கோடு, இல்லையென்றால் கீழே தொய்யும். அந்தத் தொய்வின் பரப்பை, நேர்கோட்டுக்குக் கீழுள்ள மொத்தப் பரப்பால் வகுத்தால் ஜினி. இத்தாலியரான கொராடோ ஜினி 1912-ல் தந்தது. 0 முழுச் சமம், 1 எல்லாம் ஒருவர் கையில். 100-ஆல் பெருக்கியும் எழுதுவார்கள், 25.5 அப்படித்தான்.

கே: இரண்டு ஊர்களுக்கு ஒரே ஜினி என்றால் நிலைமையும் ஒன்றுதானே?

ப: இல்லை. ஐந்து பேர் உள்ள ஊர்: நால்வருக்குத் தலா 15,000, ஒருவருக்கு 40,000. இன்னொரு ஊர்: நால்வருக்குத் தலா 25,000, ஒருவருக்குச் சல்லிக்காசு இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் ஜினி 0.2. முதல் ஊரில் ஒரு பண்ணையார், இரண்டாவதில் ஒரு பட்டினிக்காரர்! இதனால்தான் நான் பால்மா விகிதத்தையும் கேட்பேன்: மேல் 10 சதவீதத்தினரின் பங்கை, கீழ் 40 சதவீதத்தினரின் பங்கால் வகுப்பது. அதில் ஒளிந்துகொள்ள இடம் குறைவு.

கே: நகரம், கிராமம் என்று ஏற்றத்தாழ்வைப் பிரித்துக் காட்ட முடியுமா?

ப: அதற்கு தெய்ல் குறியீடு. ஊர்களுக்குள் எவ்வளவு, ஊர்களுக்கிடையே எவ்வளவு என்று மிச்சமில்லாமல் பிரியும். ஜினி அவ்வளவு சுத்தமாகப் பிரியாது.